சொல்லிக்கொண்டே இருக்கிற உடம்பு

மூக்கு அரிக்கிறது. இடது பக்கம், ஓட்டைக்குச் சற்று மேலே. இரண்டு கையிலும் ஊசி குத்தி, மடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், இந்தக் கையில் உறிஞ்சி அந்தக் கையில் திருப்பி விடுகிறது மெஷின், நடுவில் எனக்கென்று ஒரு விரல்கூட மிச்சமில்லை. ரெஜினா அக்காவைக் கூப்பிட்டுச் சொறிந்துவிடச் சொல்லலாம். ரத்தம் பிரிக்கிற டெக்னீஷியனைப் போய் மூக்குச் சொறியக் கூப்பிடுவதா. அரிக்கட்டும். எத்தனை நேரம்தான் அரிக்கும். மெஷினுக்குள் என்னவோ ஓயாமல் சுற்றுகிறது. என் ரத்தத்தைச் சுழற்றி, கனமானதை ஒரு பக்கம் லேசானதை ஒரு பக்கம் என்று ஒதுக்கி, நடுவில் பாலாடை மாதிரி படிகிற மெல்லிய ஏட்டை மட்டும் எடுத்து மேலே தொங்குகிற பையில் சேர்த்துவிட்டு மீதியை எனக்கே தருகிறது. போகும்போது சூடாகப் போன ரத்தம் வரும்போது சில்லென்று வருகிறது, முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் அது ஏறுவது தெரிகிறது, யாரோ வேற்றாள் உள்ளே நடந்து வருகிற மாதிரி. பை நிறைந்ததும் மாடிக்குப் போகும். அங்கே கண்ணாடி அறைக்குள் என் அண்ணன் சபரீசன் படுத்திருக்கிறான். ரத்தப் புற்றுநோய். அவன் எலும்புக்குள் ஊறிக்கொண்டிருந்த கெட்ட ரத்தத்தை நிறுத்த மருந்து ஏற்றி, நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒன்றாக எரித்துக் காலி செய்து வைத்திருக்கிறார்கள். இனி அவனுக்குச் சொந்தமாக ரத்தம் ஊறாது. என்னுடையது போனால் பிழைப்பான், போகாவிட்டால் செத்துப்போவான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இப்போது உதட்டு ஓரத்தில் விறுவிறுவென்று இருக்கிறது. சோடா குடித்த பிறகு இருக்குமே அப்படி. நாக்கால் தடவினால் உதடு இருக்கிறது, ஆனால் என்னுடையது மாதிரி இல்லை. இதைத்தான் முதலிலேயே சொல்லி வைத்தார் ரெஜினா அக்கா. நாகர்கோவில்காரர். "குழாயில ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து சேக்கோம் மக்களே, அது உனக்க உடம்பில உள்ள கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும். உதடு மரத்தாலோ விரல் இழுத்தாலோ உடனே சொல்லணும், கேட்டியா. நிறுத்திப் பாத்துக்கலாம்." அவர் சொன்ன மற்றதெல்லாம் காற்றில் போய்விட்டது, நிறுத்தி என்ற ஒரு வார்த்தை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. காலையில் பால் குடித்தாயா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மா, "ரெண்டு டம்ளர் குடிச்சாளுங் சிஸ்டர், மோர் வேற குடிச்சா" என்றாள். நான் குடிக்கவில்லை. ஆறு நாளாக என் வாயில் வெள்ளையாக எதுவுமே படவில்லை.

அது அம்மாவின் வைத்தியம். அண்ணனுக்கு வந்தது வெள்ளை அணுக்களின் நோய் என்று டாக்டர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் லைன் வீட்டில் கடைசி வீட்டு அக்கா வேறு தூபம் போட்டாள், வெள்ளையாகத் தின்றால் வெள்ளணு கூடும், சிவப்பாகத் தின்றால் சிவப்பணு கூடும் என்று. அவ்வளவுதான். பால் போச்சு, தயிர் போச்சு, இட்லி போச்சு. முட்டையை அவித்து வெள்ளையை உரித்து நாய்க்குப் போட்டுவிட்டு மஞ்சளை மட்டும் கொடுத்தாள். சோற்றைக்கூட பீட்ரூட் போட்டுக் கிளறிச் சிவக்க வைத்துத்தான் தட்டில் கொட்டினாள். "அந்த டாக்டரம்மா பால் குடிக்கச் சொல்லுச்சேம்மா" என்றேன். "அவங்களுக்கென்ன, படிச்சதச் சொல்றாங்க. இருந்த வெள்ளையே பத்தாதுன்னு நீயும் சேத்தி அனுப்பப் போறியா? என்ற பையனுக்கு நல்ல செவப்பு ரத்தமாப் போகோணும். செத்த நேரம் வாய மூடிட்டுத் தின்னு அம்முணி." தினமும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி போட்டார்கள். எலும்புக்குள் இருக்கிற விதைச் செல்களை ரத்தத்துக்கு இறக்கிவிடுகிற ஊசி. இடுப்பெலும்புக்கு என்று தனியாகப் பல் முளைத்து அந்தப் பல்லுக்கு வலி வந்த மாதிரி இருந்தது. ஊசி போட்டால் வெள்ளணு ஏறத்தான் செய்யும் என்று சொல்லித்தான் போட்டார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் ஐம்பதாயிரத்துக்கு மேலே பார்த்ததும் அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எழுத்து வராது, எண் நன்றாக வரும். அண்ணனுக்கு முதன்முதலில் வந்த ரிப்போர்ட்டும் இதே மாதிரிதான் இருந்தது. "உனக்கும் வந்துருச்சா சாமி" என்று என் முகத்தைப் பிடித்தாள். அடுத்த நிமிஷமே, "திருட்டுத்தனமா எங்கியோ இட்லி தின்னிருக்கற, உண்மையச் சொல்லு" என்று காதைத் திருகினாள். அங்கே நின்ற வாட்ச்மேன் சிரித்தான். நானும் சிரித்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஊசியால்தான் ஏறுகிறது, தானாக இறங்கிவிடும் என்று தெரியும். தெரிவது மண்டையில் இருக்கிறது, பயம் வேறு எங்கோ இருக்கிறது. அண்ணனும் நானும் ஒரே வயிற்றில் கிடந்தவர்கள், எல்லாப் பொருத்தமும் முழுசாக இருக்கிறது என்று டாக்டர்களே சந்தோஷப்பட்டார்கள். அத்தனை பொருந்துகிறது என்றால் இது மட்டும் ஏன் பொருந்தாது. இப்போது அந்தப் பையில் சொட்டுகிறதே, தக்காளி ரசத்தில் தண்ணீர் கலந்த மாதிரி, அதில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது.

டாக்டர் நஸ்ரின் கண்டிருக்கலாம். சின்ன வயசு டாக்டர், மேல்படிப்பு படித்துக்கொண்டே இங்கே வேலை பார்க்கிறார், எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். அவர்தான் என்னைத் தனியாக ஓர் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, உனக்குச் சம்மதமா, வீட்டில் யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார், மாட்டேன் என்றால் காரணத்தைச் சொல்லாமல் உன் உடம்பு சரிப்படவில்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம் என்றார். எனக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாதம். அதுவரைக்கும் எதிலும் என்னை ஒருத்தரும் சம்மதம் கேட்டதில்லை. கேட்ட சந்தோஷத்திலேயே சம்மதம் என்று சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். யோசித்துச் சொன்னேன் என்றால் பொய். கையெழுத்துப் போட்டுவிட்டு, ரத்தத்தில் அப்படி என்னதான் போகிறது என்று கேட்டேன். விதைச் செல் போகும், போய்த் தானாக எலும்பைத் தேடி உட்கார்ந்துகொள்ளும் என்றார். வழி எப்படித் தெரியும் என்றேன். அவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "செல்லெல்லாம் சும்மா கெடக்குதுன்னு நெனைக்காத. ஒவ்வொண்ணும் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிப் பை கட்டி வெளிய தள்ளிட்டே இருக்கும். நுண்பைன்னு சொல்லலாம். உள்ள சேதி இருக்கும். பக்கத்துச் செல் வாங்கும், சிலது ரத்தத்துல மிதந்து தூரத்துக்கும் போகும். வாங்கின செல் பிரிச்சுப் பாத்து அதுபடி நடக்கும். கையில வெட்டுப்பட்டா ரத்தம் உறையறதுக்கு அதுவும் ஒத்தாச பண்ணுது, புண்ணு ஆறறதுக்கும்தான். நீ ஓடினேன்னா உன் தசை ஈரலுக்குச் சொல்லி அனுப்புது. தாய்ப்பால்ல இருக்கு, எச்சில்ல இருக்கு, கண்ணீர்ல இருக்கு. நோய் வந்தாத்தான்னு இல்ல, நல்லா இருக்கற உடம்பு நல்லா இருக்கறதே இப்படி ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கறதாலயும்தான்." முதலில் கண்டுபிடித்தபோது செல் வெளியே கொட்டுகிற குப்பை என்றே நினைத்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வேலை பார்ப்பதே திருப்பூரில் பனியன் வேஸ்ட் குடோனில். கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணியைக் கலர் வாரியாகப் பிரிப்பது. குப்பை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், அது மறுபடி நூலாகிப் போகிறது. அதை விடுங்கள். என் மண்டையில் மாட்டிக்கொண்டது வேறு. எலும்புக்குள் விதைச் செல்லைச் சுற்றி வேறு செல்கள் காவல் மாதிரி இருக்குமாம், அவை அனுப்புகிற பைகளும் சேர்ந்துதான் பொறு, இப்போது வளராதே, இப்போது வளர் என்று சொல்லிக்கொண்டிருக்குமாம். அப்படியென்றால் என் உடம்புக்குள் இத்தனை கோடிப் பேர் ராப்பகலாகப் பேசிக்கொள்கிறார்கள், என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. நான் பேசாமல் படுத்திருந்தாலும் அவர்கள் சொல்லிவிடுவார்கள். டாக்டரிடம் கேட்டேன், கோபம் இருந்தால் அதுவும் பையில் போகுமா என்று. "கோபத்துக்கெல்லாம் பை இருக்கான்னு தெரியலையே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா செல் கஷ்டத்துல இருந்தா அது அனுப்பறது மாறுது. அது வரைக்கும் தெரியும். முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார். நல்ல டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் எனக்கு அவனைப் பிடிக்காது. இதை இந்தக் கட்டடத்தில் சொல்ல முடியாது, இங்கே எல்லாரும் எனக்குப் பழம் கொடுத்துத் தங்கச்சின்னா இப்படி இருக்கணும் என்கிறார்கள். பத்தாவது பரீட்சை முடிந்து பதினொன்றில் சேர்ந்து ஒரு மாதம். பஸ் ஸ்டாண்டில் என்கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் வேதியியல் ரெக்கார்டு நோட்டுக் கேட்டான், கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வண்டியை நிறுத்தினான். கேள்வி ஒன்றும் இல்லை. நடு பஸ் ஸ்டாண்டில் அறைந்தான், பழக்கடைக்காரர் எழுந்து நின்று பார்க்கிற அளவுக்கு. வீட்டுக்கு வந்து, "படிச்சுக் கிழிச்சது போதும், நாளைலிருந்து போக வேண்டாம்" என்றான். அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, "அண்ணஞ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவன்தான் பவர் டேபிள் மெஷினில் பனியன் தைத்து வீட்டை ஓட்டுகிறவன், அவன் சொன்னதுதான் நடக்கும். அப்படித்தான் போச்சு என் படிப்பு, ஒரு சாயங்காலத்தில், ஒருத்தன் வாயால். அவனைக் கெட்டவன் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்கும் சுலபம். முடியவில்லை. சனிக்கிழமை சம்பளம் போட்டால் புரோட்டா பார்சல் வாங்கி வருவான். சால்னாவை முடிச்சுப் போட்ட கவரில், சூடு ஆறாமல். என்னை அறைந்த வாரமும் வாங்கி வந்தான், எனக்கு மட்டும் தனியாக ஒரு முட்டைக் கலக்கி சேர்த்து. ஒரு வார்த்தை பேசவில்லை, பொட்டலத்தை என் முன்னால் தள்ளினான். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதில் என்ன சேதி இருந்தது, தப்புச் செய்துவிட்டேன் என்றா, தின்றுவிட்டுக் கிட என்றா, இன்று வரைக்கும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. செல்லுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி அறைக்குள் போவதற்கு முதல் நாள், மொட்டைத் தலையோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். புருவமும் கொட்டிப்போயிருந்தது. அன்றைக்கு நடந்ததைப் பற்றிச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "சாப்ட்டியா புள்ள" என்றான். "ம்" என்றேன். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். 

விறுவிறுப்பு மூக்கைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்துவிட்டது. மூக்கு அரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. விரல் நுனிகளில் எறும்பு. ரெஜினா அக்கா வந்து மெஷினின் திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "ஒண்ணும் செய்யலயே மக்களே? உதடு மரக்குதா?" "இல்லீங்க்கா." சட்டென்று வந்துவிட்டது. நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. மூஞ்சிக்கு நேரே சொல்லித்தான் குடோனில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை. இப்போது எதற்கு இல்லை என்றேன்? நிறுத்தினால் பை நிறையாது, பை நிறையாவிட்டால் அவன் செத்துப்போவான் என்றா. அது பாதி. பால் குடிக்காதது தெரிந்தால் அம்மா மாட்டிக்கொள்வாள், படித்தவர்கள் முன்னால் அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும், அது கால். மீதிக் கால் என்ன. தோண்டிப் பார்த்தால் நன்றாக இல்லை. கை இழுக்கட்டும், மயக்கம் போட்டு விழட்டும், எல்லாரும் ஓடி வரட்டும், அவனுக்காக இவள் செத்துப் பிழைத்தாள் என்று அவன் காதில் விழட்டும், வாழ்நாள் முழுக்க அவன் அதைச் சுமக்கட்டும். அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது. நான் சம்மதம் என்று சொன்னேன், என் உடம்பு மாட்டேன் என்று சொல்லட்டும். மெஷின் தானாக நிற்கட்டும். பை பாதியில் நிற்கட்டும். அப்போது யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, பாவம் பொண்ணு, முயற்சி பண்ணினாள் என்பார்கள். இதை நான் நினைத்தேனா, இல்லை எனக்குள்ளிருந்து யாராவது பை கட்டி அனுப்பினார்களா. யார் அனுப்பினாலும் வந்து சேர்ந்துவிட்டது, பிரித்தும் பார்த்துவிட்டேன். கட்டை விரல் தானாக உள்ளங்கைக்குள் மடிகிறது. மடக்காதே என்று நான் சொல்கிறேன், அது கேட்கவில்லை. மற்ற விரல்கள் நீட்டி விறைத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன, செத்தவர்களின் கையைக் கட்டுவதற்கு முன்னால் இருக்குமே, அந்த மாதிரி. போர்வைக்கு அடியில் இருப்பதால் யாருக்கும் தெரியாது. நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததை அடிக்கிறது. மறுபடியும். இந்தக் கஷ்டத்தில் கிடக்கிற செல்கள் இப்போது என்ன எழுதி அனுப்புகின்றன? உறுமிக்கொண்டிருக்கிற இந்த மெஷின் வழியாக, அந்தப் பைக்குள், அங்கிருந்து ஒன்றுமே இல்லாத அவன் எலும்புக்குள், முதல் சேதியாக எது போய் இறங்கப் போகிறது?

"அக்கா" என்றேன். குரல் குளறியது, உதடு ஒத்துழைக்கவில்லை. "அக்கா, நான் பொய் சொன்னேன். கை இழுக்குது. பாலும் குடிக்கல, எங்கம்மா சும்மா சொல்லுச்சு." ரெஜினா அக்கா போர்வையைத் தூக்கினார், என் கையைப் பார்த்தார், "எனக்க மாதாவே" என்று மெஷினில் எதையோ அழுத்தினார். உறுமல் நின்றது. நஸ்ரின் டாக்டர் ஓடி வந்தார், கதவுக்கு வெளியே இருந்த அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டாள். நெஞ்சில் வயரை ஒட்டினார்கள். கால்சியம் மருந்தைக் குழாய் வழியாக மெதுவாக ஏற்றினார்கள், உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றிய மாதிரி ஒரு சூடு ஓடியது. "ஏம்மா, பால் குடிக்கலையா இவ?" என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், "வெள்ளையாத் தின்னா வெள்ளணு ஏறுமில்லீங்க" என்றாள் அம்மா, எதிர்க்கேள்வி மாதிரி. டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. அந்த வெள்ளணு கூட்டத்துலதான் உங்க பையனுக்கு வேண்டியதே இருக்கு." அம்மா என் கையைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். "நிறுத்திப் போட்டீங்களா? அப்ப என்ற பையன்?" என்றாள். என் கை இன்னும் பாதிதான் விரிந்திருந்தது. என்னைப் பார்த்து அல்ல, பையைப் பார்த்துத்தான் கேட்டாள். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் இன்னொரு பொய். டாக்டர் என் பக்கம் குனிந்தார். "கேளு. இப்ப சேந்தது பத்தாது. கால்சியம் கூடவே ஏத்திக்கிட்டு வேகத்தக் கொறைச்சு ஓட்டலாம், சாயங்காலம் வரைக்கும் ஆகும், நாளைக்கும் ஒரு தடவ வேண்டியிருக்கலாம். இல்ல முடியலைன்னா நிறுத்திடலாம். உன் உடம்பு, நீதான் சொல்லணும்." அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். குழாய்களில் என் ரத்தம் நகராமல் நின்றது, கருத்த கயிறு மாதிரி. இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை. என் ஒரு வார்த்தைக்காக இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதுதான் முதல் தடவை, அது நன்றாக இருந்தது, நன்றாக இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு கணம், அவன் இல்லாத வீட்டைப் பார்த்தேன். பவர் டேபிள் மேல் துணி போர்த்தியிருந்தது. சுவரில் அவன் போட்டோவுக்கு மாலை, மாலைக்குக் கீழே நான். போட்டோவிடம் போய், எந்த உரிமையில் என் படிப்பை நிறுத்தினாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது சிரித்துக்கொண்டே இருக்கிறது. செத்தவன் நல்லவன் ஆகிவிடுவான். அப்புறம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடமாட்டார்கள். அழுவார்கள், நானும் சேர்ந்து அழ வேண்டியிருக்கும். அது என்னால் ஆகாது. அவன் எழுந்து உட்கார வேண்டும். தலையில் முடி முளைத்து, சோறு தின்று, தெம்பாக என் எதிரில் நிற்க வேண்டும், நான் கேட்கும்போது பதில் சொல்கிற அளவுக்கு உயிர் இருக்க வேண்டும். பாசம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். "ஓட்டுங்க" என்றேன். அம்மா என் காலைத் தொட வந்தாள், காலை இழுத்துக்கொண்டேன். ரெஜினா அக்கா பொத்தானை அழுத்தினார். குழாயில் நின்ற கயிறு மெல்ல நகர ஆரம்பித்தது.